கரி எஞ்சினும் அண்ணனும்

எங்கள் கோட்டைப்பட்டினத்துக்கு ரயில் கிடையாது. கடல் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, விசைப்படகுகள் இருக்கின்றன. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அறந்தாங்கிக்குப் பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, 1964-ல் ரயில்வேயில் எஞ்சின் கழுவும் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, ஷண்டராகி, கடைசியில் டிரைவராக ஓய்வு பெற்றவர் என் அண்ணன். எனக்கு ஏழு வயது மூத்தவர்.

இந்தத் தளத்தில் என் பள்ளிக்கூட அனுபவங்களை நிறைய எழுதியிருக்கிறேன். அண்ணனைப் பற்றி எழுதியதில்லை. எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2018 கடைசியில் என் பேரன் ஊட்டி மலை ரயிலில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது. எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறான். "தாத்தா, அது ஸ்டீம் எஞ்சின். நிஜ ஸ்டீம் எஞ்சின்" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். சரி, பெரிய தாத்தாவையும் கூட்டிப்போகலாம், அவரைவிட அதைப் பற்றி விளக்கிச் சொல்ல யாரால் முடியும் என்று நினைத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"நான் வரலடா. கரி எஞ்சின்கிட்ட வெந்தது போதும். காசு குடுத்து வேற போய் வேகணுமா?" என்றார்.

மதினிதான் உள்ளிருந்து சத்தம் போட்டார். "நாப்பது வருசம் ரயில்ல இருந்தீங்க. ஒரு நாள் என்னைய ரயில்ல வச்சு ஊர் சுத்திக் காட்டுனீங்களா? நான் போறேன். நீங்க இருங்க." அதற்கப்புறம் அண்ணன் பேசவில்லை. டிக்கெட் ஐந்து பேருக்கு எடுத்தேன். அதற்கே இரண்டு மாதம் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. அந்த ரயிலுக்கு அவ்வளவு கிராக்கி.

அண்ணன் வேலை பார்த்ததெல்லாம் மீட்டர் கேஜில். தஞ்சாவூர், திருவாரூர், காரைக்குடி பக்கம் ஓடிய வண்டிகள். ஒய்.பி. என்பார், ஒய்.ஜி. என்பார். முதலாவது பயணிகள் வண்டி இழுப்பது, இரண்டாவது சரக்கு வண்டி இழுப்பது. ஃபயர்மேன் வேலை என்றால் கரியை அள்ளிக் கொட்டுவதுதானே என்று நான் நினைத்திருந்தேன். அண்ணன் வேலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அபூர்வமாகப் பேசியதில் தெரிந்துகொண்டது: கரியைக் கொட்டுவது வேலையில்லை, பரப்புவதுதான் வேலை. ஃபயர்பாக்ஸில் மூலைகளுக்கும் கதவடிக்கும் அதிகமாகப் போக வேண்டும். நடுவில் மெல்லிசாக இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே போய் ஆவி இறங்கிவிடும். ஆகவே திற, போடு, மூடு. ஓடுகிற எஞ்சினில், ஆடுகிற இரும்புத் தளத்தில், ஒரு காலை எஞ்சினிலும் ஒரு காலை டெண்டரிலும் ஊன்றிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். புகைபோக்கியில் கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் நமக்கு அது அழகு. டிரைவருக்கு அது ஃபயர்மேனின் லட்சணம். கரி வீணாகிறது என்று அர்த்தம்.

இதைவிட முக்கியம் தண்ணீர். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். நெருப்புப் பெட்டியின் கூரைக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் எஞ்சினே வெடித்துவிடும். "சாப்பிடும்போதும் ஒரு கண் கிளாஸ்லதான் இருக்கும்" என்பார். இன்றைக்கும் வீட்டில் குடிதண்ணீர்க் குடத்தை அடிக்கடி எட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. மதினி கேலி செய்வார்.

இந்தியாவில் சமவெளி மீட்டர் கேஜ் பாதைகளில் கரி எஞ்சின்கள் இருபதாம் நூற்றாண்டின் கடைசியோடு முடிந்தன. அண்ணன் அதற்கு முன்பே டீசலுக்கு மாறிவிட்டார். அறந்தாங்கி வழியாகப் போன மீட்டர் கேஜ் பாதையையும் 2012-ல் அகலப்பாதைக்காக மூடினார்கள். அப்புறம் ஆறு வருடம் இந்தப் பக்கம் ரயிலே இல்லை. நாங்களெல்லாம் அகலப்பாதை எப்போது வரும் என்றுதான் காத்திருந்தோம். பழைய பாதை போய்விட்டதே என்று இங்கே யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. நானும் அழவில்லை. அண்ணனும் அழவில்லை.

2019 பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நின்றோம். நல்ல பனி. ரயில் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. நீலமும் வெள்ளையுமான சின்னச் சின்னப் பெட்டிகள். பேரன் நேராக முன்னால் ஓடினான். முன்னால் எஞ்சின் இல்லை! அழாக்குறையாகத் திரும்பி வந்தான். அண்ணன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"பின்னாடி போய்ப் பாரு. மலை ஏறுற வண்டிக்கு எஞ்சின் கீழ்ப்பக்கம்தான் இருக்கணும். முன்னாடி நின்னு இழுத்தா, நடுவுல கொக்கி அறுந்துச்சுன்னா பெட்டியெல்லாம் எங்க போகும்?"

பேரன் யோசித்துவிட்டு, "பின்னாடி போகும்" என்றான்.

"பள்ளத்துக்குப் போகும். அதான் கீழ நின்னு தள்ளுது."

ஆக, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் இழுப்பதில்லை, தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் ஊழியர் பாதையைப் பார்த்துக்கொண்டே கொடி காட்டுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். கைப்பிடியைச் சுற்றி அந்தந்தப் பெட்டியின் பிரேக்கைப் போடுவது அவர் வேலை. ஒரு சின்ன ரயிலுக்கு இத்தனை ஆட்களா என்று என் மனைவி கேட்டாள். ஏற்றத்தைப் பார்த்தால் தெரியும் என்றார் அண்ணன்.

இந்த ரயிலின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. அப்போதெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும்தான் மேலே போக வேண்டும். ஐரோப்பாவில் மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட ஸ்விட்சர்லாந்துக்காரர் ரிக்கன்பாக் இங்கே வந்து பார்த்துத் திட்டம் சொன்னார். முதலில் ஆரம்பித்த கம்பெனி பணமில்லாமல் படுத்துவிட்டது. வேலை தொடங்கியது 1891-ல். குன்னூர் வரை ரயில் ஓட ஆரம்பித்தது 1899 ஜூனில். அங்கிருந்து ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. யோசனைக்கும் ஊட்டி ஸ்டேஷனுக்கும் நடுவே 54 வருடம்! நம் ஊர்ப் பக்கம் அகலப்பாதைக்கு ஆறு வருடம் காத்திருந்ததற்கே எவ்வளவு புலம்பினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தத் தூரம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்குப் போகிறது. 208 வளைவு, 16 குகை, சிறிதும் பெரிதுமாக 250 பாலம். மேலே போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறங்க மூன்றரை மணி நேரம். இந்தியாவிலேயே மெதுவான ரயில் இதுதான். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் ரயிலுக்கு 1999-ல் கிடைத்த பட்டம், அதோடு சேர்த்து இதற்கும் வந்தது.

எஞ்சினைப் பார்க்கப் போன பேரன் வரவில்லை. போய்ப் பார்த்தால் அண்ணனும் அங்கேதான் நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சக்கரத்தைப் பார்ப்பதும் குழாயைப் பார்ப்பதுமாக. எஞ்சின் மேலிருந்த இளைஞர் ஒருவர் இவரைக் கவனித்துவிட்டு, "என்ன பெரியவரே பாக்குறீங்க?" என்றார்.

"கரி எங்க?"

"கரி இல்லீங்க. இப்ப ஆயில்."

அண்ணன் முகம் மாறியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த எஞ்சின்களை எண்ணெயில் எரிப்பதற்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். கரி அள்ளும் ஷவலுக்கு அங்கே வேலையில்லை. வால்வைத் திருகி எண்ணெயையும் ஆவியையும் அளவாக விடுவதுதான் இப்போதைய ஃபயர்மேன் வேலை. அண்ணன் ஏமாந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் அந்த இளைஞரிடம் கேட்ட அடுத்த கேள்வி, "முதுகு வலி வருமா?"

"நின்னுக்கிட்டே போறதுல வரும்ங்க."

"ம். எங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு வந்துச்சு" என்றார். நீங்களும் ரயில்வேயா என்று அந்தப் பையன் கேட்டான். கிளீனராகச் சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்து இவர் சொல்லச் சொல்ல, அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து கைகொடுத்தான். அண்ணனுக்கு யாரும் இப்படிக் கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

வண்டி கிளம்பிக் கல்லார் வரைக்கும் சமதளம். பாக்குத் தோப்புகள். யானைகள் நடமாடும் இடம். கல்லாருக்கு அப்புறம்தான் இந்த ரயிலின் விசேஷமே. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள் வருகின்றன. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். ஆக எந்த நேரமும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவதொரு பல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் பெயரால் ஆப்ட் முறை என்கிறார்கள். அதுவும் ஸ்விட்சர்லாந்து மூளைதான். 12 அடி போனால் 1 அடி ஏறுகிற அளவுக்குச் செங்குத்து. சாதாரண ரயில் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும்.

பல் தண்டவாளத்தில் வண்டி ஏறும்போது சத்தம் மாறியது. அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார். "ரெண்டு எஞ்சின் சேர்ந்து மூச்சு வாங்குற மாதிரி இல்ல?" என்று பேரனிடம் கேட்டார். உண்மையும் அதுதான். இந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். கீழே இருக்கும் இரண்டு, சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். மேலே இருக்கும் இரண்டு, பல்சக்கரத்தைச் சுற்றும். சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்தால், கீழ் சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த ஆவியே மேலே போய் இன்னொரு முறை வேலை செய்யும். ஒரு ஆவியில் இரண்டு வேலை. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எஞ்சின்கள் இவை. அவற்றைப் பார்த்து அதே மாதிரி நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் பிற்பாடு புதிதாகவே செய்தார்கள். இதைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொன்மலையில செஞ்சிருப்பான். அங்க உள்ளவங்களுக்குச் செய்ய முடியாதது கிடையாது" என்று பெட்டியில் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றது. எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள், குரங்குகளுக்குப் பயந்து பையைக் கட்டிப் பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். அண்ணன் தண்ணீர் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்குக் குன்னூர். அங்கே நம் எஞ்சின் கழன்றுகொள்ளும். பல் தண்டவாளம் அதோடு முடிகிறது. அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின் கொண்டுபோகும்.

எஞ்சின் மாற்றும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நடுத்தர வயது ஊழியர் ஒருவருடன் அண்ணன் பேச ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வருடம் முழுக்க இந்த வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதுதான் பேச்சு. அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பயணி ஏழு மணிக்கு வருகிறார். எஞ்சினுக்கு வேலை நடுராத்திரிக்கு மேலேயே ஆரம்பித்துவிடும். ஆறிப்போன பாய்லரைச் சாவி போட்டுக் கிளப்ப முடியாது. பல மணி நேரம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் தகடு விரிசல் விடும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரைக் காலி செய்து உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும். குழாய்களில் கசிவு பார்க்க வேண்டும். பல்சக்கரத்தின் தேய்மானம் பார்க்க வேண்டும். பல் தண்டவாளத்துக்கு எண்ணெய்ப் பசை போட வேண்டும். உதிரி பாகம் எந்தக் கடையிலும் விற்காது. வேண்டியதை வார்த்து, கடைந்து, நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது. சிறப்பு ரயில்கூட விட வேண்டியிருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நிலைமை தலைகீழ். மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். பாதை ஊழியர்கள் மழையில் நடந்து நடந்து பார்க்க வேண்டும். சரிவு பெரிதாக இருந்தால் நாள்கணக்கில், சில வருடங்களில் வாரக்கணக்கில், ரயில் ரத்து. ரயில் ஓடாத நாளில் வேலை இல்லை என்று நினைக்கக் கூடாது, அப்போதுதான் வேலை அதிகம் என்றார் அந்த ஊழியர்.

எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் கரை தூங்குவதாக நினைப்பார்கள். அந்த 61 நாளில்தான் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, வர்ணம் அடித்து, வலை பின்னி முடிப்பார்கள். அந்த வேலை நடக்காவிட்டால் மீதி பத்து மாதம் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு படித்த ஒரு விஷயத்தையும் இங்கே சேர்க்கிறேன். ஸ்விட்சர்லாந்தில் ஃபுர்கா என்று ஒரு மலைப்பாதை. 1982-ல் சுரங்கப் பாதை வந்ததும் மேலே இருந்த பழைய பாதையைக் கைவிட்டார்கள். ஆர்வலர்கள் சேர்ந்து அதை மீட்டுக் கரி எஞ்சின் விடுகிறார்கள். அதற்கு எஞ்சின் எங்கே கிடைத்தது தெரியுமா? வியட்நாமில். தாலாத் மலைக்கு ஓடிய பல்சக்கர ரயில் போரில் அழிந்து, எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. பெரும்பாலும் ஸ்விட்சர்லாந்தில் செய்தவை. 1990-ல் அவற்றைக் கப்பலில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். அந்த ரயில் கோடையில் மட்டும்தான் ஓடும். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், குளிர்காலத்துக்கு முன் ஒரு பாலத்தையே மடித்து வைத்துவிடுவார்கள். வசந்தத்தில் விரிப்பார்கள்.

வியட்நாமில் ஒரு மலை ரயில் அழிந்தது. ஸ்விட்சர்லாந்தில் ஒன்று செத்துப் பிழைத்துக் கோடையில் மட்டும் ஓடுகிறது. நம்முடையது நிற்கவே இல்லை. மழைக்கு நிற்கும், மண் சரிந்தால் நிற்கும், அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி ஓடும். அதற்குக் காரணம் பட்டம் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டம் வந்தது 2005-ல். அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேல் யாரோ ராத்திரி எழுந்து தீ மூட்டியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தால், எஞ்சினைக் கண்ணாடிக் கூண்டில்தான் வைத்திருப்போம். ஆவியின் அளவைக் காதால் கண்டுபிடிப்பதைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "காப்பாத்துறதுன்னா துணி போட்டு மூடி வைக்கிறதில்லடா. தினம் அழுக்காக ஒருத்தன் வேணும்" என்றார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

1970-ல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபீஸ், ஹாஸ்டல், சட்டை எல்லாம் அண்ணன் சம்பளம். ஒரு நாள் நண்பர்கள் நான்கைந்து பேரோடு திருவாரூர் ஜங்ஷனில் நின்றிருந்தேன். ஒரு வண்டி வந்து நின்றது. எஞ்சினிலிருந்து ஒருவர் இறங்கினார். தலைமுதல் கால்வரை கரி. கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. தலையில் அழுக்குத் துணி. குழாயடிக்கு வந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். என் நண்பன் ஒருவன் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அது என் அண்ணன். நான் புத்தகக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி போகிற வரைக்கும் ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டேன். நாற்பத்தொன்பது வருடம் அப்படியே நம்பினேன்.

குன்னூர் பிளாட்பாரத்தில் பேரன், "பெரிய தாத்தா, எஞ்சின் பக்கத்துல நில்லுங்க, போட்டோ எடுக்கணும்" என்றான். அண்ணன் வேண்டாம் என்றார். அவன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எஞ்சினைத் தொட்டுப் பார்த்ததில் அண்ணன் கையெல்லாம் எண்ணெய்க் கறை. பேரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஒட்டி நின்றான். வெள்ளைச் சட்டையில் கறை ஒட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. படம் எடுத்தது நான்தான்.

ரயில் மறுபடி கிளம்பி, கேத்தி தாண்டும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அண்ணன் சொன்னார்: "பையன் உன்ன மாதிரி இல்லடா."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே..." என்றேன்.

"திருவாரூர்ல பாத்தேன். நீ அங்கிட்டு திரும்பிக்கிட்ட. நானும் முகத்தைக் கழுவிட்டு இங்கிட்டு திரும்பிக்கிட்டேன். கூட்டாளிங்க முன்னாடி உனக்குச் சங்கடமா இருக்கும்ல."

"மன்னிச்சிருங்கண்ணே."

"விட்றா. அன்னிக்கு நான் இருந்த இருப்பைப் பாத்தா எனக்கே என்னைத் தெரியாது" என்று சிரித்தார். மதினி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம் இரண்டு பேரும். லவ்டேல் வந்தது, ஊட்டி வந்தது. பூங்கா பார்த்தோம், வர்க்கி வாங்கினோம். எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை.

2021-ல் பொன்மலையில் இந்த மலைப்பாதைக்காகக் கரியில் ஓடும் புதிய எஞ்சின் ஒன்றைக் கட்டி முடித்ததாகச் செய்தி வந்தது. செல்போனில் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நான் மகிழ்ச்சியாகத்தான் படித்தேன். அவர் இரண்டு விஷயம் கேட்டார். கரி நல்ல கரியா? அள்ளிப் போடும் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. "இருப்பாங்க. இல்லாட்டி எப்படி ஓட்டுவான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அண்ணன் எண்பதைத் தாண்டிவிட்டார். இன்னமும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து, கடலுக்குப் போகும் படகுகளின் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் படகில் இஞ்சின் சரியில்லை என்று காலையில் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நீங்கள் ஊட்டி மலை ரயிலுக்குப் போனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவை முடிந்தவரை முன்னாலேயே செய்துவிடுங்கள். மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஹில்குரோவில் குரங்கு ஜாக்கிரதை. குன்னூரில் எஞ்சின் கழலும்போது கீழே இறங்கி, அதை ஓட்டிவந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் கை அழுக்காகத்தான் இருக்கும். பரவாயில்லை, கைகொடுங்கள்.